குறுக்கே வருகிறவள்

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் தறிச்சத்தம் ஓய இரவு பத்து மணி ஆகிவிடும். விசைத்தறி ஓடுகிற வரைக்கும் பக்கத்து வீட்டில் என்ன நடந்தாலும் காதில் விழாது. பத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டின் சத்தமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்: பாத்திரம் கவிழ்ப்பது, குழந்தை சிணுங்குவது, தாழ்ப்பாள் போடுவது. எதிர்வரிசையில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் அடிவிழும் சத்தமும் வரும். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் படுத்திருப்போம்.

நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம், ஓர் இரவு அம்மா எழுந்தார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அம்மிணி, ஒரு கரண்டி உறைமோர் குடு. பாலக் காச்சி வெச்சுட்டு உறைக்கு மோர் இல்லாம நிக்கிறேன்."

கதவைத் திறந்தவர் அந்த வீட்டுக்காரர். நூல் கடையில் கணக்கு எழுதுகிறவர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். "இது ஃபேமிலி மேட்டருங்க அக்கா. நீங்க இன்டர்ஃபியர் பண்ணாதீங்க" என்றார்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவர். "பீரெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி, மோர் இருந்தாப் போதும்" என்றார்.

அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லித் தெரு பல வருடம் சிரித்தது. அடுத்து அவர் சொன்னதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. "குடும்பத்தக் கலைக்க வர்றீங்கன்னு போலீசுல எழுதிக் குடுத்துருவேன்." அம்மா டம்ளரை நீட்டியபடியே நின்றார். உள்ளேயிருந்து அந்த அக்கா வந்து மோர் ஊற்றினார். கை நடுங்கியதில் பாதி மோர் வாசற்படியில் சிந்தியது. அம்மா அவரைக் கையோடு எங்கள் திண்ணைக்கு அழைத்துவந்துவிட்டார். அன்று அடி நின்றது. அன்று மட்டும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். 'தலையிடுதல்' என்றார் ஆசிரியை. 'தேவையில்லாமல் தலையிடுதல்' என்று சேர்த்தும் சொன்னார். அந்த 'தேவையில்லாமல்' எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

கல்லூரியில் பெரிய அகராதி கையில் கிடைத்தபோது முதலில் தேடிய சொற்களில் அதுவும் ஒன்று. ஆங்கிலத்துக்கு அது 15ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் முற்பகுதிக்கு 'இடையே' என்று பொருள். பிற்பகுதி 'ஃபெரிரே' என்கிற லத்தீன் வினையிலிருந்து வருகிறது. அதற்கு 'அடி', 'தாக்கு' என்று பொருள். ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதுதான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். குதிரை ஓடும்போது ஒரு கால் குளம்பு இன்னொரு காலில் இடித்துக் காயமாவதற்கும் இதே சொல்லைச் சொன்னார்கள். குதிரை வளர்ப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறர் விஷயத்தில் நுழைவது என்கிற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. இரண்டு ஒளியலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வெளிச்சமும் இருளுமாக மாறுவதை விளக்க, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் இதே சொல்லை எடுத்துக்கொண்டார். நம் பாடப்புத்தகத்தில் அது 'குறுக்கீட்டு விளைவு'.

அகராதியை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அந்த இரவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடித்தவர் அவர். அடியைக் குறித்துப் பிறந்த சொல்லை, அடியை நிறுத்தப் போனவர்மீது அவர் ஒட்டவைத்தார். இது அவர் ஒருவரின் சாமர்த்தியம் இல்லை. அந்தச் சொல்லின் நெடிய பயணத்தில் பல இடங்களில் இதுதான் நடந்திருக்கிறது.

இதன் பங்காளிச் சொற்களையும் பார்க்கலாம். 'மெடில்' என்ற சொல்லின் வேர் 'கலத்தல்'. ஆங்கிலத்தில் அது கலப்பதையும் சண்டையில் இறங்குவதையும், ஒரு காலத்தில் உடலுறவையும்கூடக் குறித்தது. 'பிஸிபாடி' என்ற சொல் 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இடம்பெறுகிறது. யாரைப் பற்றி? வீடுவீடாகப் போய்ப் பேசுகிற இளம் விதவைகளைப் பற்றி. பேதுருவின் கடிதத்தில், பிறர் காரியத்தில் தலையிடுகிறவன் கொலைகாரனோடும் திருடனோடும் ஒரே பட்டியலில் நிற்கிறான். வீட்டுக்கு வீடு போகிற பெண் ஆபத்தானவள் என்கிற எண்ணம் எந்த ஓர் ஊருக்கும் மதத்துக்கும் மட்டும் சொந்தமானதில்லை.

பிரிட்டனின் பத்திரிகைகளும் காவல்துறையும் இந்தச் சொல்லை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தின. ஒரு பெண்ணோ குழந்தையோ பாலியல் வன்முறைக்கு ஆளானதை வெளிப்படையாக எழுதக் கூசி, 'இன்டர்ஃபியர் செய்யப்பட்டாள்' என்று எழுதினார்கள். தெருவில் அந்நியன் செய்தால் அது இந்தச் சொல்லின் ஒரு பொருள். வீட்டுக்குள் கணவன் செய்கிறபோது கேட்கப் போனால் அது இந்தச் சொல்லின் மறு பொருள். ஒரே சொல் குற்றத்தை மறைக்கவும் உதவியது, குற்றத்தைத் தட்டிக்கேட்டவரைக் குற்றவாளியாக்கவும் உதவியது.

தமிழில் நாம் தலையிடு, குறுக்கிடு, மூக்கை நுழை என்கிறோம். தலைகுனிந்து நட என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் தலையிட்டால் இரட்டைக் குற்றம். ஆனால் 'குறுக்கே' என்பது எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை இல்லை. பாவு நீளவாக்கில் இழுத்துக்கட்டப்பட்டிருக்கும். நாடா ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும். ஊடை குறுக்கே போகாத வரைக்கும் தறியில் இருப்பது வெறும் நூல். இதைத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டு விவகாரத்தில் மட்டும் குறுக்கே வருவது ஏன் குற்றமாகிறது என்பதற்கு வரலாற்றில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா மகாராணியின் பிரகடனம் இந்தியாவில் வாசிக்கப்பட்டது. குடிமக்களின் மத நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அதிகாரிகள் யாரும் தலையிடக் கூடாது என்று அதில் கண்டிப்பான கட்டளை இருந்தது. ஆங்கில மூலத்தில் இருந்தது இதே சொல்தான். 1857க்குப் பிறகு ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. நிலவரியில் தலையிட்டார்கள், காட்டில் தலையிட்டார்கள், உப்பில் தலையிட்டார்கள். திருமணமும் வாரிசுரிமையும் விதவையின் வாழ்வும் 'மதம்' என்ற பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டியைத் திறப்பது தலையீடு ஆயிற்று.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் அரசு கை விட்டுக்கொண்டுதான் இருந்தது. ருக்மாபாயின் கதை அதற்குச் சாட்சி. பதினொரு வயதில் மணம் செய்துவைக்கப்பட்டவர், கணவரோடு வாழப் போகவில்லை. 1884இல் கணவர் தாதாஜி பிகாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். முதலில் விசாரித்த நீதிபதி பின்ஹே, விருப்பமில்லாத பெண்ணை அனுப்ப முடியாது என்று 1885இல் வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1887இல் தீர்ப்பு மாறியது: கணவர் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888இல் பணம் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. அவர் லண்டன் போய் மருத்துவம் படித்து, இந்தியா திரும்பிப் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனைவியை நீதிமன்ற ஆணை மூலம் திரும்ப வரவைக்கும் அந்த உரிமை எந்தத் தர்மசாஸ்திரத்திலிருந்தும் வரவில்லை. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து வந்தது. அதாவது அந்நிய ஆட்சியின் நீதிமன்றம், அந்நியச் சட்டத்தைக் கொண்டு, ஓர் இந்துப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பத் தயாரானது. இதைத் தலையீடு என்று வைதீகர்கள் கொதிக்கவில்லை. வரவேற்றார்கள்.

மூன்றே வருடத்தில் கொதித்தார்கள். 1890இல் கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி புல்மோனி தாசி, கணவனின் வன்புணர்ச்சியால் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தாள். அப்போது சட்டத்தில் சம்மத வயது 10. அதைக் கடந்துவிட்டாள் என்பதால் அந்தக் கணவன்மீது பாலியல் குற்றம் சாட்ட முடியவில்லை. வேறு பிரிவில் ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. 1891இல் சம்மத வயதை 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தபோது, அரசு நம் வீட்டுக்குள் நுழைகிறது என்று திலகர் உட்படப் பலர் எதிர்த்தார்கள். ருக்மாபாயை இழுத்துக்கொண்டு போவது தலையீடு இல்லை. புல்மோனியைக் காப்பாற்றுவது தலையீடு. சொல்லின் பொருள் அகராதியில் இல்லை, யார் பக்கம் கதவு திறக்கிறது என்பதில் இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டது இங்கேதான்.

இப்படிச் சொல்வதால், தலையிடுகிறவர்கள் எல்லோரும் பெண்ணின் பக்கம் என்று ஆகிவிடாது. 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றோர் மரபின் பேரில் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது வேறு: எங்கள் சொத்தும் கலையும் பிழைப்பும் என்ன ஆகும்? எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுப்பது யார்? அதே சமூகத்தின் கொடுமையை உள்ளிருந்து அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்று ஊர் ஊராகப் பேசினார். சட்டம் 1947இல் முழுமையாக வந்தது. அது வேண்டிய சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மனுக்களில் இருந்த கேள்வி நியாயமானது. யாருக்காக உள்ளே போகிறோமோ அவள் பேச இடம் இல்லாவிட்டால், காப்பாற்றப் போனவரும் இன்னொரு எஜமானர்தான்.

இந்தக் கேள்வியை எங்கள் மாவட்டத்தில் நான் கண்ணால் பார்த்தேன். பெண் சிசுக்கொலை என்றவுடன் எல்லோரும் உசிலம்பட்டியைச் சொல்வார்கள். 1986இல் ஓர் ஆங்கில இதழ் எழுதிய பிறகு அந்தப் பெயர் நின்றுவிட்டது. சேலமும் அதே பட்டியலில் இருந்தது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது அரசு. பிழைத்த ஒவ்வொரு குழந்தையும் பிழைத்ததுதான். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தத் தலையீடு எந்தக் கதவைத் தட்டியது? கர்ப்பிணியின் கதவை. ஏற்கெனவே இரண்டு பெண் பெற்றவள் என்றால் செவிலியர் பெயரைக் குறித்துக்கொண்டு அடிக்கடி வந்து பார்த்தார்கள். குழந்தை இறந்தால் வழக்கு பெரும்பாலும் பெற்றவள் மேல் விழுந்தது. வரதட்சணை பேசியவரின் கதவை யாரும் தட்டவில்லை. 'மூணாவதும் பொட்டையா' என்று கேட்ட மாமனார் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கள்ளிப்பால் ஊற்றிய கையைப் பிடித்தார்கள். அந்தக் கையை அசைத்தவர்களை 'குடும்ப விஷயம்' காப்பாற்றியது. பிறகு ஸ்கேன் வந்தது. கொலை கருவறைக்குள் நகர்ந்தது. 1994இல் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும், 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலத்திலேயே மிகக் குறைவு அதுதான்.

குடும்ப விஷயத்தில் யாரும் தலையிடக் கூடாது என்கிற இதே ஊர்கள், ஒரு பெண் வேறு சாதிப் பையனோடு பேசினால் கூட்டமாகத் தலையிடும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. பத்துப் பேருக்கு 2022இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அடிவாங்குகிற மனைவிக்காக ஒரு வாசல் தாண்டாதவர்கள், சாதிக்காக ஒரு மலையே ஏறுகிறார்கள். ஆகவே, தலையிடலாமா கூடாதா என்ற கேள்வி எனக்குப் பொய்யான கேள்வியாகவே படுகிறது. எல்லோரும் தலையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பெண் விரும்புகிற வாழ்வுக்குள் வழி திறக்கிற தலையீடா, அடைக்கிற தலையீடா என்பதே கேள்வி.

சட்டமும் இந்தக் கேள்வியில் தடுமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ருக்மாபாயைச் சிறைக்கு அனுப்ப இருந்த அதே ஏற்பாடு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக உட்கார்ந்தது. 1983இல் சரிதா வழக்கில் ஆந்திர உயர்நீதிமன்றம், தன் உடல்மீது பெண்ணுக்குள்ள உரிமைக்கு இது எதிரானது என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. தில்லி உயர்நீதிமன்றம் மாறாகச் சொன்னது: அரசியலமைப்புச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவது போல என்று. உச்சநீதிமன்றம் 1984இல் அந்தப் பிரிவு செல்லும் என்றது. இன்றும் இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வல்லுறவு செய்வது குற்றமில்லை என்கிற விதிவிலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் தொடர்கிறது. பீங்கான் உடைந்துவிடக் கூடாது என்கிற கவலை பெரிது. அந்தக் கடைக்குள் ஏற்கெனவே உடைந்துகொண்டிருப்பவளைப் பற்றிய கவலை சிறிது.

இதற்கிடையில்தான் நல்ல மாற்றங்களும் வந்தன. மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இல் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவு சின்னது. பாதிக்கப்பட்ட பெண்தான் வர வேண்டும் என்றில்லை. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சட்டம் கொடுத்த இடம் இது. 1858இல் தொடங்கிய அந்தச் சொல்லின் பயணத்தில், தலையிட்டவரை முதன்முதலாகச் சட்டமே காப்பாற்ற வந்த இடங்களில் ஒன்றாக இதைப் பார்க்கிறேன்.

2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்றொரு பிரசாரத்தைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடிவிழும் சத்தம் கேட்டால் அழைப்புமணியை அடி. ஏதாவது ஒரு சாக்குச் சொல். அதன் விளம்பரப் படம் ஒன்றில் ஓர் ஆள் போய் மணியடித்து ஒரு கப் பால் கேட்பார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாலா கேப்பாங்க? உறைமோர்தான் கேக்கணும். அப்பத்தான் அவ உள்ள போயி எடுத்துட்டு வரணும், நாம கொஞ்ச நேரம் நிக்கலாம்" என்றார். அந்த இரவில் எங்கள் வீட்டில் மோர் இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் 4ஆம் பிரிவைப் பற்றியும் சொன்னேன். கதவைத் தட்ட ஒரு சட்டம் வேறு வேண்டுமா என்று சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த ஆள் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று சொன்ன பிறகு, காக்கிச்சட்டை தெருவில் நுழைந்தாலே உள்ளே போய்விடுவாராம். பல மாதம் அப்படி இருந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த வீட்டில் சத்தம் கேட்டும் போகாமல் படுத்திருந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

"அப்பவே இருந்துச்சுன்னா அந்த ரெண்டு தடவையும் போயிருப்பேன்" என்றார்.